எந்த பி

"பேஷண்ட் நேம், பி ரங்கநாயகி"ன்னு டாக்டர் சொன்னதும் பெடல்ல இருந்து காலை எடுத்துட்டேன். காலை எடுத்தா குரல் நின்னுரும், அழுத்துனா ஓடும், குதிகாலை வெச்சா பின்னால போகும், தையல் மிசின் மாதிரிதான், இந்தப் பெடலை மிதிச்சுத்தான் இத்தனை வருசமா ஸ்கேன் ரிப்போர்ட் அடிக்கறேன். டாக்டர் குலசேகரன் மேட்டுப்பாளையம் ரோட்டு ஸ்கேன் சென்டர்ல உக்காந்து படத்தைப் பார்த்துப் பார்த்து வாயால சொல்லுவாரு, அது ஃபைலா என் லேப்டாப்புக்கு வரும், நான் இங்க காரமடையில எங்க வீட்டு உள்ரூம்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு அதைக் கேட்டு டைப் அடிச்சு அனுப்புவேன். அவர் முகத்தை நான் பார்த்ததில்ல. ஆனா ஜலதோசம் பிடிச்சிருக்குதா, டீ குடிச்சுட்டுச் சொல்றாரா, யார் மேலயோ கோவத்துல இருக்காரா, எல்லாம் எனக்குத் தெரியும். ஒண்ணுமில்லாத கேஸுன்னா கடகடன்னு ஒப்பிச்சுட்டுப் போயிருவாரு. இன்னிக்கு நிதானமாச் சொல்றாரு. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கல. டைப் அடிக்க வழியில்ல, கீபோர்டு செத்துக் கிடக்குது, சரி காதாவது வேலை செய்யட்டும்னு ராத்திரியே இறங்கியிருந்த முதல் ஃபைலைப் போட்டேன், போட்டிருக்கவே கூடாது. பேரு ஒண்ணா இருந்தா என்ன, இந்த ஊருல கோயில் கொண்டவர் ரங்கநாதர், அவர் புண்ணியத்துல தெருவுக்கு நாலு ரங்கநாயகி, அஞ்சு ரங்கராசு, எங்க சொந்தபந்தம், ஒறம்பறையிலேயே மூணு ரங்கம்மா இருக்காங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு மறுபடியும் பெடலை மிதிச்சேன். கணையத்தோட தலைப்பக்கம் ஒரு கட்டி, ஓரம் தெளிவா இல்ல, பக்கத்து ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்குது, ஈரல்ல அங்கங்க புள்ளிகள்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டே போனாரு. கடைசில ஒரு பெருமூச்சு. அதையும் ரெக்கார்டு பண்ணிட்டாரு பாவம்.

எந்தங்கச்சி ரங்கநாயகி நேத்து அங்கதான் ஸ்கேன் எடுத்தா. நான்தான் அங்க போகச் சொன்னேன், நல்ல மிசினு, டாக்டர் பார்த்துச் சொன்னா தப்பாதுன்னு. அவ வீட்டுக்காரர் பழனிசாமி, அதனால அவ பி ரங்கநாயகி. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா மாரப்பன் பேருக்கு எம் ரங்கநாயகியா இருந்தவ, அப்படியே இருந்து தொலைச்சிருந்தா இப்ப எனக்கு இந்தக் கெரகம் இல்ல. கட்டுனவன் பேரோட முதல் எழுத்தை முன்னாடி போட்டுக்கிட்டு இருபது வருசத்துக்கு மேல ஓட்டியாச்சு, பேங்குல பி, ரேசன் கார்டுல பி, ஸ்கேன் சென்டர்லயும் பி. இதைச் சரி பார்க்கறது ஒரு நிமிச வேலை. சென்டரோட போர்ட்டல்ல என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போயி, டாக்டர் பேரோட சேர்த்துச் சொன்ன நம்பரை அடிச்சா, பேரு, இன்சியல், வயசு, ஊரு எல்லாம் வந்து நிக்கும். அதுக்கும், மீதி ஃபைலை இறக்கறதுக்கும் கீபோர்டு வேணும். அந்த எழவுதான் அடிக்க மாட்டேங்குது. ராத்திரி நான் தூங்கப் போனப்பறம் லேப்டாப்பு அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டிருக்குது, எங்க வீட்டுக்காரரு நீட்டுன கையில பிச்சை போடற மாதிரி சரின்னு குடுத்துட்டாரு. "கேட்டுச்சு புள்ள, குடுத்துட்டேன்"ங்கறாரு. யாரு கேட்டாலும் குடுத்துருவீங்களான்னு கேட்டா சிரிக்கறாரு. காலையில வெரலை வெச்சா திறக்குது, அம்புக்குறி நகருது, பாட்டு பாடச் சொன்னாப் பாடும். எழுத்து மட்டும் விழ மாட்டேங்குது. போர்ட்டல்ல பாஸ்வேர்டு கேட்கற கட்டத்துல கோடு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு நிக்குது, நான் அடிக்கறேன், அது மினுக்குது, நான் அடிக்கறேன், அது மினுக்குது. ஏ சனியனே, உனக்கு என்னதான் வேணும்?

அணைச்சுப் போட்டுப் பார்த்தேன். அவரு வந்து "கவுத்துத் தட்டிப் பாரு, தூசியா இருக்கும்"னாரு. மில்லுல எலக்ட்ரீசியனா இருந்தவரு, எதையும் கவுத்துத் தட்டுனாச் சரியாயிரும்னு ஒரு நம்பிக்கை. கவுத்துத் தட்டினதுல ஒரு கடுகும் ரெண்டு பொரித்துணுக்கும் விழுந்துச்சு, எழுத்து விழல. செட்டிங்குக்குள்ள போயி கீபோர்டோட டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடணும்னு போன்ல ஒரு வீடியோவுல ஒருத்தன் சொன்னான், எடுத்துட்டுப் போட்டேன். அதே கதை. திரையிலேயே ஒரு கீபோர்டு வரும், மவுஸால அமுக்கலாம்னு எங்கயோ கேட்டிருக்கேன், அதை எங்க இருந்து கூப்பிடறதுன்னு பார்த்தா, தேடற பெட்டியில அதோட பேரை டைப் பண்ணுங்கறான் அதே வீடியோக்காரன். அட அறிவுகெட்டவனே. போன்ல போர்ட்டலைத் திறக்க முடியாது, பதிவு பண்ணுன லேப்டாப்புல மட்டும்தான் திறக்கும், ரிப்போர்ட்டு வெளிய போயிரக் கூடாதுன்னு வெச்ச பூட்டு. நல்ல பூட்டுதான். எல்லாரையும் வெளிய நிறுத்தி வெச்சிருக்குது, என்னையும் சேர்த்து. ஆனா கேட்டது கேட்டதுதானே, காதுக்குப் பூட்டு இல்லியே. கணையம், கட்டி, ஈரல், புள்ளி. நான் டாக்டரு இல்ல, ஆனா ஒரே சொல்லு வருசக்கணக்கா வெரல் வழியாப் போயிட்டு வந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு வெரலுக்குத் தெரிஞ்சு போகும். ஈரல்ல புள்ளின்னு அடிச்ச பேரு அப்பறம் திரும்பி வராது, வந்தா ஒரு தரம் வரும், அவ்வளவுதான்.

ஆனா எந்த பி? பெடலைக் குதிகால்ல மிதிச்சேன். பி ரங்கநாயகி. மறுபடி. பி ரங்கநாயகி. மூணாங்கிளாசுல இங்கிலீஷ் எழுத்து சொல்லித் தந்த டீச்சர் எங்களுக்கு ஒத்தை வயித்து பி, ரெட்டை வயித்து பின்னுதான் சொல்லித் தந்தாங்க. ஒரு குச்சி நட்டு மேல ஒரு வயிறு வெச்சா பழனிக்கு வர்ற பி, கீழயும் ஒரு வயிறு வெச்சா பாலனுக்கு வர்ற பி. எழுதத்தான் ரெண்டு, சொல்ல ஒண்ணுதான். தமிழ்ல ஒரு ப-வை வெச்சுக்கிட்டுப் பழத்தையும் சொல்றோம், பஸ்ஸையும் சொல்றோம், ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்ல. டாக்டர் எங்கயாவது கான்வென்ட்டுல படிச்சிருந்தா உதட்டை அழுத்தி ஒண்ணும் அழுத்தாம ஒண்ணும் சொல்லியிருப்பாரு, அவரும் நம்ம சிறுமுகைக்காரரு, நம்மளை மாதிரியே சொல்றாரு. சத்தத்தை ஏத்தி வெச்சுக் கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு தரம் கேட்டா ஒத்தை வயிறு, ஒரு தரம் கேட்டா ரெட்டை வயிறு. ஒத்தையாவே இருந்தாலும் பெரியசாமி பொண்டாட்டியா இருக்கலாம், பொன்னுச்சாமி பொண்டாட்டியா இருக்கலாம், பழனிசாமி ஒருத்தன்தான் இந்த உலகத்துல பொண்ணு கட்டினானா? சென்டருக்குப் போன் போட்டேன். கவுண்டர்ல இருக்கற மெர்சி எடுத்தா. "நேத்து வந்த ரங்கநாயகிக்கு இன்சியல் என்ன கண்ணு?"ன்னு சாதாரணமாக் கேட்கற மாதிரி கேட்டேன். "பி தானுங்க்கா"ன்னா. "எந்த பி?" "பிதானுங்க்கா, பி." "பழனிக்கு வர்ற பியா, பாலனுக்கு வர்ற பியா?" "ரெண்டும் ஒண்ணுதானுங்களே"ன்னா. அப்பறம், "இருங்க்கா, கூட்டமா இருக்குது, பார்த்துட்டுக் கூப்பிடறேன்"னு வெச்சுட்டா. நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு எழுத்தைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? போனைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கூப்பிடல. கீபோர்டு சரியாகட்டும்னு சொல்லிக்கிட்டேன்.

எங்கம்மா போனதும் வயித்து நோவுலதான். நோவுன்னுதான் சொன்னாங்க, வேற பேரு அதுக்கு எங்க வீட்டுல கிடையாது. ஆம்பளைங்க வாசல்ல நின்னு பேசிட்டு நாங்க வந்தா நிறுத்திக்குவாங்க, பெரியம்மா ஒருத்தி மட்டும் "அந்த நோவு"ன்னு அந்த-வை அழுத்திச் சொன்னா, அதுலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அம்மாவுக்கே கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. அவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும்னு எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்க பார்த்துக்கிட்டாங்க, நாங்க அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டோம், எல்லாருமா ஒருத்தருக்கொருத்தர் நல்ல நாடகம் ஆடிக்கிட்டே அவங்களை வழியனுப்பிட்டோம். நான் தினமும் அந்தச் சொல்லை இங்கிலீஷ்ல அடிக்கறேன். ஸ்பெல்லிங் தப்பாம கண்ணைக் கட்டிக்கிட்டு அடிப்பேன். ஆனா இன்னிக்கு வரைக்கும் தமிழ்ல வாயைத் திறந்து ஒரு தரம் சொன்னதில்ல, சொன்னா வந்து ஒட்டிக்கும்னு பயம். வெரல் சொல்லலாம், வாய் சொல்லக் கூடாது, இது என்ன நியாயமோ. தை மாசம் அன்னூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், அங்க எல்லாரும் ரங்கநாயகியைச் சுத்தி நின்னுக்கிட்டு "எப்படி புள்ள இப்படி இளைச்சே, எங்களுக்கும் சொல்லேன்"னு கேட்டாங்க. அவளுக்குப் பெருமை. ஜாக்கெட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சிருந்தா. நானும்தான் "பழனிசாமி சோறு போடறதில்லியாட்ட இருக்குது"ன்னு கிண்டல் பண்ணேன். முதுகுல ஜாக்கெட்டு ஊக்கைப் போட்டு விட்டப்ப முதுகெலும்பு ஒவ்வொண்ணாத் தட்டுப்பட்டுச்சு, என்னவோ பண்ணுச்சு, ஆனா மேளம் கொட்டிட்டாங்கன்னு ஓடிட்டோம். இப்ப அந்த எலும்பு இந்தக் கீபோர்டு மேல வெரலை வெக்கறப்ப எல்லாம் தட்டுப்படுது. தட்டறேன், ஒண்ணும் வரல. சாமி, இது வேலை செய்யாமயே இருக்கட்டும். நான் அடிச்சாத்தானே அது ரிப்போர்ட்டு? அடிக்கற வரைக்கும் அது ஒருத்தர் வாயில வந்த காத்துதானே?

அப்பத்தான் அவளே கூப்பிட்டா. பெல் அடிச்சதும் ஹெட்போனைக் கழட்டி அக்கட்டால வெச்சேன், அதுக்குள்ள இருந்து அவளுக்குக் கேட்டுரும்ங்கற மாதிரி. "அக்கா, பஸ்ஸுல இருக்கறேன், சென்டருக்குப் போறேன், ரிப்போர்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துரும்னாங்க. நீதான அடிக்கறே? என்னுது வந்துச்சா?" குரல்ல ஒரு பயமும் இல்ல. சந்தைக்குப் போறவ மாதிரி இருக்குது. "கீபோர்டு வேலை செய்யல பாப்பா. காலையில இருந்து அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்"னேன். அது பொய் இல்ல. "உன் மிசினுக்கும் வயித்து வலி வந்துருச்சாக்கா?"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல, ஆனா தொண்டையில இருந்து ஏதோ ஒரு சத்தத்தை வரவெச்சேன். "அவரு வரலியா உன்கூட?" "அவரு லோடு ஏத்தப் போயிட்டாரு, காகிதம் வாங்கறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு? அக்கா, வலி இப்ப பரவால்ல. சாப்பிட்டாத்தான் வலிக்குது. அதனால சாப்பிடறதையே விட்டுட்டேன்." "சாப்பிடாம எப்படி புள்ள இருப்பே?" "அதான் இளைச்சு அழகா இருக்கறேனே, உனக்குப் பொறாமை"ன்னா. பின்னால கண்டக்டர் விசில் அடிக்கறது கேட்குது. அவ இறங்கற ஸ்டாப்பு வரப்போகுது. "ஏனக்கா, குரல் ஒரு மாதிரி இருக்குது?" "தூசி. இந்த மிசினைக் கவுத்துத் தட்டினோம், அந்தத் தூசி." வெச்சுட்டா. போனு திரை அணையற வரைக்கும் அவ பேரையே பார்த்துக்கிட்டிருந்தேன். போன்ல அவளுக்கு இன்சியல் போடல, ரங்கின்னுதான் போட்டிருக்குது.

மாடி வீட்டுல இருந்து எங்க வீட்டுக்காரரு தனிக் கீபோர்டு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தாரு. வயரைச் செருகினேன். பச்சை லைட்டு எரிஞ்சுச்சு, தட்டினேன். ஒண்ணுமில்ல. வேற கீபோர்டும் அடிக்கலன்னா கோளாறு கீயில இல்ல, உள்ள எங்கயோ இருக்குதுன்னாரு அவரு. "கடைக்கு எடுத்துட்டுப் போறேன், குடு. சாயங்காலம் ஆயிரும்"னாரு. சாயங்காலம். சாயங்காலம் வரைக்கும் தெரியாம இருக்கலாம். அந்த வார்த்தை எவ்வளவு நல்லா இருந்துச்சு. குடுக்கறதுக்குக் கையை நீட்டிட்டேன், நீட்டினதைத் திரும்ப இழுத்துக்கிட்டேன். அவ அங்க பெஞ்சுல உக்காந்திருப்பா, ஒவ்வொரு தரம் கதவு திறக்கறப்பவும் எந்திரிச்சுப் பார்ப்பா. "வேண்டாங்க, சித்த இருங்க"ன்னேன். அவரு என் முகத்தைப் பார்த்தாரு. "என்ன புள்ள, மிசினுதானே, இதுக்குப் போயி கண்ணு கலங்கறே"ன்னாரு. சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அவரு பழனிசாமிக்கு உடனே போன் போட்டுருவாரு, அவருக்கு எதையும் வயித்துல வெச்சுக்கத் தெரியாது. "கண்ணுல தூசி"ன்னேன். இன்னிக்கு எல்லாத்துக்கும் தூசிதான். அவரு டீ வெக்கப் போனாரு. நான் ஒத்தையில உக்காந்துக்கிட்டுச் சாமி கும்பிட்டேன். ரங்கநாதா, ரெட்டை வயிறா இருக்கட்டும்னு கும்பிட்டேன். பாலனா இருக்கட்டும், பாஸ்கரனா இருக்கட்டும், பாபுவா இருக்கட்டும். வாய்விட்டே சொன்னேன். சொன்னதுக்கப்பறம் அந்தப் பாஸ்கரன் பொண்டாட்டி கண்ணு முன்னால வந்து நின்னா. எங்கிருந்து வந்தாளோ. பச்சைச் சேலை, முகத்துல மஞ்சளு, கையில தண்ணி பாட்டில். அவளும் எந்தங்கச்சி மாதிரியே சாப்பிட்டா வலிக்குதுன்னு டாக்டரு கிட்டச் சொல்லியிருப்பா. அவளுக்கு ஒரு அக்கா இருந்தா, அந்த அக்கா இந்நேரம் ஒத்தை வயிறா இருக்கட்டும்னு கும்பிடுவா. போடி அக்கட்டன்னேன் அவளை. போகல. எனக்கு எந்தங்கச்சி வேணும், அவ்வளவுதான், உன்னைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அப்படி நினைச்சதுக்கு வெட்கமா இருந்துச்சு. வெட்கமா இருந்தாலும் நினைப்பை மாத்திக்கல.

அசந்து போயி ரெண்டு கையையும் கீபோர்டு மேல போட்டுட்டு அப்படியே இருந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. டிக்குன்னு ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தா பாஸ்வேர்டு கட்டத்துல ஒரு கருப்புப் புள்ளி. கையை எடுத்தேன். மறுபடி தட்டினேன், வரல. வெரலை ஒரு எழுத்து மேல வெச்சு எடுக்காம அழுத்திக்கிட்டே இருந்தேன். டிக். இன்னொரு புள்ளி. அட சாமி, இது செத்தே போகலியே. வெசயா தட்டினா எடுத்துக்காது, நின்னு அழுத்தினாத்தான் எடுத்துக்கும். அப்டேட் ஆனப்ப எப்படியோ அப்படி ஒரு செட்டிங் மாறியிருக்குது, கை நடுங்கறவங்க தெரியாம தட்டிட்டா எழுத்து விழுந்துராம இருக்கறதுக்குன்னு வெச்சதாம், அப்பறமாத்தான் தெரிஞ்சுச்சு. நான் தட்டுன வேகத்துக்கு நாள் பூராவும் தட்டியிருந்தாலும் வந்திருக்காது. அந்தப் புள்ளியை எல்லாம் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஒரு எழுத்து, அழுத்து, காத்திரு, டிக். அடுத்த எழுத்து, அழுத்து, காத்திரு. இத்தனை வருசத்துல என் பாஸ்வேர்டை இவ்வளவு பொறுமையா நான் அடிச்சதில்ல. பாதியில நிறுத்திரலாமான்னு இருந்துச்சு, நிறுத்தவும் முடியல. போர்ட்டல் திறந்துச்சு. பெடலை மிதிச்சு நம்பரை மறுபடி கேட்டு அதையும் ஒவ்வொண்ணா அழுத்தினேன். கடைசி எழுத்தை அழுத்திட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். அவரு டீயைக் கொண்டாந்து மேசை மேல வெச்சாரு. "அட, வந்துருச்சா"ன்னாரு. கண்ணைத் திறந்தேன். ரெட்டை வயிறு. பாபு மனைவி ரங்கநாயகி, முப்பத்தொம்பது வயசு, ஊரு பெள்ளாதி. பெள்ளாதி, பெள்ளாதின்னு நாலு தரம் வாய்விட்டுப் படிச்சேன். எந்தங்கச்சி இல்ல. எந்தங்கச்சி இல்லவே இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நிறுத்த முடியாத சிரிப்பு, அவரு பயந்து போயி "ஏ புள்ள, ஏ வசந்தாமணி"ன்னு தோளைப் பிடிச்சு உலுக்கினாரு. "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்ல, கீபோர்டு சரியாயிருச்சு"ன்னேன். கீபோர்டுக்கு இப்படியா சிரிப்பாங்கன்னு முனகிக்கிட்டே போனாரு.

அந்த ஃபைலை அப்படியே விட்டுட்டு அடுத்தடுத்த ஃபைலுல எந்தங்கச்சியைத் தேடினேன். கீழ நாலாவதா இருந்தா, ஒத்தை வயித்து பி, பழனிசாமி, எங்க ஊருப் பேரு. வரிசைப்படிதான் அடிக்கணும், அதுதான் முறை, இன்னிக்கு முறையாவது ஒண்ணாவது. பெடலை மிதிச்சேன். டாக்டர் கடகடன்னு சொன்னாரு. அந்தக் கடகடன்னைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. ஈரல் நல்லா இருக்குது, கணையம் நல்லா இருக்குது, பித்தப்பையில மட்டும் கல்லு. கல்லு! வெறும் கல்லு! இதுக்காகவா காலையில இருந்து என் உசிரை வாங்கினே? மவுஸாலயே தேடிப் பிடிச்சு அந்தப் பாழாப்போன செட்டிங்கை அணைச்சேன், வெரல் பழையபடி ஓடுச்சு. ஓடுச்சுன்னா அப்படி ஓடுச்சு. பித்தப்பைக் கல்லுன்னு அடிக்கறதுக்கு இவ்வளவு சந்தோசப்பட்டவ இந்த உலகத்துல நானாத்தான் இருப்பேன். ஒரு தரம் படிச்சுப் பார்த்தேன், அனுப்பினேன். டீயை எடுத்துக் குடிச்சேன், ஆறிப்போயிருந்துச்சு, தேனா இருந்துச்சு. மீதி ஃபைலுங்க வரிசையா நிக்குது. முதல்ல இருக்கறது அந்தப் பெள்ளாதி ஃபைலு. மவுஸை அது மேல கொண்டு போனேன். இன்னொரு வாய் டீ குடிச்சேன். முதல்ல ரெண்டாவதை அடிச்சா என்ன, எலும்பு முறிவுதான், சீக்கிரம் முடிஞ்சுரும்னு அதை அடிச்சேன். மூணாவதையும் அடிச்சேன்.

போனு வந்துச்சு. "அக்கா! கல்லாமாக்கா! கல்லுதானாமா! ஆபரேசன் பண்ணி எடுத்தாச் சரியாப்போயிருமாம்." "தெரியும் பாப்பா, நான்தான அடிச்சேன்"னேன். இப்ப அழுகை வந்துச்சு, மறைக்கல. அவளும் அழறா, சிரிக்கறா. "நீ எதுக்குக்கா அழறே? நானே அழல, அம்மா மாதிரி ஆயிருமோன்னு மட்டும் ராத்திரியெல்லாம் தூங்கல." அம்மா மாதிரின்னு அவதான் முதல்ல சொன்னா. நாங்க ரெண்டு பேரும் இத்தனை வருசத்துல அதைப் பேசினதே இல்ல. "சரி அதை விடு. ஒரு தமாசு கேளு. கவுண்டர்ல ரங்கநாயகின்னு கூப்பிட்டாங்களா, நான் எந்திரிச்சா பக்கத்துல உக்காந்திருந்த புள்ளையும் எந்திரிக்குது! ரெண்டு பேரும் போயி நின்னு, உன்னுதா என்னுதான்னு காகிதத்தைப் பிடிச்சு இழுத்து ஒரே சிரிப்பு. நெம்ப நல்ல புள்ளக்கா. வந்ததுல இருந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்காந்திருக்கறோம், இட்லி வாங்கிட்டு வந்து எனக்குப் பாதி குடுத்துச்சு. அதோட ரிப்போர்ட்டு மட்டும் வரலியாமா. எங்கக்காதான் அடிக்கறான்னு சொன்னேன், இரு குடுக்கறேன், ஒரு வார்த்தை சொல்லு." வேண்டாம்னு சொல்றதுக்குள்ள போனு கை மாறிருச்சு. "அக்கா, வணக்கமுங்க." சின்னப் புள்ளைக் குரலு. "தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. என்னுதும் சித்த வெசயா அடிச்சுக் குடுத்தீங்கன்னா பஸ்ஸைப் பிடிச்சுருவேனுங்க. இவங்களுக்குக் கல்லுதான்னு சொன்னாங்க, எனக்கும் அதே வலிதானுங்க, எனக்கும் கல்லாத்தான் இருக்குமுங்களா?" என் கால் பெடல் மேல இருக்குது, மிதிக்கல. "இதோ அடிக்கறேன் கண்ணு"ன்னேன். "உன்கூட ஆரு வந்திருக்காங்க?" "ஆருமில்லீங்க. அவரு வேலைக்குப் போயிட்டாரு. காகிதம் வாங்கறதுதானேன்னு நான் மட்டும் வந்துட்டனுங்க." "போனை எந்தங்கச்சி கிட்டக் குடு கண்ணு." குடுத்தா. "சொல்லுக்கா, நான் கிளம்பறேன், வழியில கோயிலுக்குப் போயிட்டு..." "நீ கிளம்பாதே ரங்கி." "ஏனக்கா?" "அந்தப் புள்ளகூட உக்காந்திரு." "நான் போயி அவருக்குச் சோறு..." "அவரு கடையில திங்கட்டும். நீ அந்தப் புள்ளையைத் தனியா விட்டுட்டு வராதே. அவங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு வரச் சொல்லு. அவரு வர்ற வரைக்கும் நீ உக்காந்திரு." அந்தப் பக்கம் சென்டர்ல கூட்டத்துச் சத்தம், ஒரு குழந்தை அழறது, மெர்சி யாரையோ கூப்பிடறது எல்லாம் கேட்குது. பக்கத்துல அந்தப் புள்ள "என்ன சொல்றாங்க, வந்துருச்சுங்களா?"ன்னு கேட்கறதும் கேட்டுச்சு. "கீபோர்டு ரிப்பேராமா கண்ணு, கொஞ்ச நேரம் ஆகுமாமா"ன்னு எந்தங்கச்சி அதுகிட்டச் சொன்னா. அப்பறம் என்கிட்ட மெதுவா, "சரிக்கா, நான் இருக்கறேன், நீ நிதானமா அடி"ன்னா. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிட்டேன்.